பள்ளியைத் தாங்கும் தோள்கள்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றவுடன் கொடியேற்றமும் தேர்பவனியும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டும். ஆனால் விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு ஊருக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்ப்பதும் யூபிலிதான். அவ்வெண்ணத்தினால் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், நம் ஊர்ப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களைப் பற்றியது. அவர்கள் யார்? எந்த நிலையிலிருந்து வந்தவர்கள்? அவர்கள் ஆற்றும் தொண்டு யாது?

கோவில் மேடையில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் பங்கின் பிள்ளைகளில் மிகப் பலர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். பிள்ளை இருக்குமிடத்தில் தாயின் மனம் இருக்கும். திருச்சபையும் தாய் அன்றோ?

முதலில் நம் தவறு ஒன்றை இச்சபை முன் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு தமிழகமெங்கும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, அருகிலுள்ள பள்ளியொன்றின் தலைமையாசிரியை நம்மைச் சந்தித்தார். குழுவில் ஆர்வத்தோடு பணியாற்றக் கூடியவர்கள் யாரேனும் உண்டா என்று கேட்டார். நாம் அங்கேயே தாளை எடுத்துப் பெயர்களை எழுதினோம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், கடை முதலாளி ஒருவர், நன்கு ஆங்கிலம் பேசும் பெரியவர் ஒருவர். தாளை வாங்கிப் பார்த்த அவர் மெல்லச் சிரித்தார். "எல்லாரும் நல்லவங்கதான் ஃபாதர். ஆனா இவங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு கூட எங்க பள்ளிக்கூடத்துல படிக்கலையே!" என்றார்.

நாம் வெட்கினோம். தகுதி என்றால் பதவி, படிப்பு, பணம் என்று நம்மையறியாமலே எண்ணியிருந்தோம். சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது. பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எத்தனை பேரோ, அதற்கேற்ற விகிதத்தில் அவர்தம் பெற்றோருக்கும் இடம் உண்டு. தமிழகத்தில் 2022இல் 20 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. அவற்றின் தலைமைப் பொறுப்பு, அப்பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய் ஒருவருக்கே உரியதாயிற்று. 2024இல் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 24 ஆக உயர்ந்தது. பள்ளி நடப்பதைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்தல், வரும் நிதி முறையாகச் செலவாகிறதா எனப் பார்த்தல் ஆகியவை இவர்களின் கடமைகள். ஊதியம் ஒரு காசும் கிடையாது.

எழுத்தறிவு குறைந்தோரும் கூலி வேலை செய்வோரும் பள்ளியை எவ்வாறு கண்காணிப்பர் என்ற ஐயம் இன்று நேற்று எழுந்ததன்று. 1870ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பள்ளி வாரியங்கள் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க முடியாத காலம் அது. ஆயினும் பள்ளி வாரியத்திற்கு அவர்கள் வாக்களிக்கவும் போட்டியிடவும் முடிந்தது. இலண்டன் வாரியத்திற்கு எலிசபெத் காரெட் என்னும் மருத்துவரும் எமிலி டேவிஸ் என்னும் கல்வியாளரும் வெற்றி பெற்றனர். அறிவியல் மேதை ஹக்ஸ்லி அமர்ந்த அதே அவையில், நாற்காலி செய்யும் தொழிலாளியான பெஞ்சமின் லூக்ராஃப்டும் அமர்ந்தார். மேதையும் தொழிலாளியும் ஒரே மேசையைச் சுற்றி அமரலாம் என்பதை அவ்வாரியம் அன்றே காட்டிவிட்டது.

நம் சென்னை மாநகரத்திற்கு வருவோம். நெசவுத் தொழிலிலும் வாணிபத்திலும் ஈடுபட்ட சர் பிட்டி தியாகராயர், நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றேறக்குறைய மாநகராட்சி மன்றத்தில் பணியாற்றியவர். அவர் தலைமை வகித்த 1920ஆம் ஆண்டில்தான் ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரத் தீர்மானமாயிற்று. பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை அறிய மேற்படிப்பு தேவையில்லை. பிள்ளைகளின் முகத்தை நேரே பார்த்த கண் தேவை. அன்று ஒரு பள்ளியில் ஏற்றிய அடுப்பின் கனல்தான் 1956இல் காமராசர் ஆட்சியில் ஊராரின் பங்களிப்போடு மதிய உணவாகவும், 1982இல் சத்துணவாகவும், 2022இல் காலை உணவாகவும் வளர்ந்தது.

இன்னும் அருகில் வருவோம். ஆவடி என்றதும் 1955ஆம் ஆண்டு காங்கிரசு மாநாட்டையும், 1960களில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையையும் சொல்வார்கள். ஆவடியில் திருவள்ளூர் மார்க்கமாகச் செல்லும் அரக்கோணம் வண்டியில் ஏறினால் கடம்பத்தூர் என்றொரு நிலையம் வரும். 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலாகக் கூடிய இடம் அது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த இயக்கத்தின் பின்னால் நின்றவர், காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்து கல்வித்துறை இயக்குநராக உயர்ந்த நெ. து. சுந்தரவடிவேலு. அரசு தரட்டும் என்று காத்திராமல், ஊரார் பள்ளிக்குத் தேவையானவற்றைப் பட்டியலிட்டு, பலகை, நாற்காலி, சீருடை, கட்டடம் என்று தம்மால் இயன்றதைத் தந்தார்கள். உழவரும் கைவினைஞரும் சிறு வணிகரும் "இது நம் பள்ளி" என்று சொன்ன நாட்கள் அவை. இன்றைய மேலாண்மைக் குழு அவர்களின் பேரப்பிள்ளை என்றே நாம் கருதுகிறோம்.

சரி, இன்று நம் சுற்றுவட்டாரக் குழுக்களில் அமர்ந்திருப்போர் யார்? வெள்ளானூரிலும் அதனைச் சுற்றிய ஊர்களிலும் நாம் சந்தித்தவர்களைச் சொல்கிறோம். செங்குன்றம் அரிசி ஆலையில் மூட்டைக்குக் கணக்கு எழுதுபவர் ஒருவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து, தூக்கம் கலையாத கண்களோடு காலைக் கூட்டத்திற்கு வருபவர் ஒருவர். நூறு நாள் வேலைக்குச் செல்லும் தாய்மார், வீட்டு வேலை செய்யும் தாய்மார், ஆட்டோ ஓட்டுபவர், மகளிர் சுய உதவிக்குழுவில் வரவு செலவு எழுதிப் பழகிய பெண்கள். இவர்களின் பின்னணி இதுதான். வறுமையை நூலில் படித்தவர்கள் அல்லர். அதனோடு வாழ்ந்து வருபவர்கள்.

அவர்களுள் ஒரு தாயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயரும் ஊரும் வேண்டா. அரிசி ஆலையில் நெல் காய வைக்கும் கூலித் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். குழுவுக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மாலை பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சாமி. எனக்கு இந்தத் தலைவர் வேலை வேணாம்" என்றார்.

ஏன் என்று கேட்டோம்.

"பெரியவங்க எல்லாம் நாற்காலில உக்காந்திருக்காங்க. நான் ஓரமா நிக்கிறேன். என்னென்னமோ பேசறாங்க. கையெழுத்துப் போடுன்னா போடறேன். கூட்டத்துக்குப் போற அன்னிக்கு அரைநாள் கூலியும் போவுது. எனக்கு என்ன சாமி தெரியும்?"

நமக்கு உடனே பதில் தோன்றவில்லை. பிறகு, "அம்மா, அந்தப் பள்ளியில் என்ன குறை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றோம். அவர் சற்றும் யோசிக்கவில்லை. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் தம் மகள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. சமையற்கூடத்துக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். செங்கல் சூளைக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நான்கு பேர் சில நாள் வந்தார்கள், பிறகு வரவில்லை, யாரும் போய்க் கேட்கவில்லை.

விலகல் கடிதத்திற்காக எடுத்த தாளில் நாம் இந்த மூன்றையும் எழுதினோம். "இதைத்தான் அம்மா பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் நாற்காலியில் அமர்ந்து இதைப் படியுங்கள்" என்று கையில் கொடுத்தோம்.

அவர் படித்தார். தாழ்ப்பாள் மூன்று வாரத்தில் வந்தது. தேங்கிய தண்ணீருக்குக் கால்வாய் வெட்ட ஏழு மாதமாயிற்று; அதற்காகக் கிராம சபையில் இருமுறை எழுந்து பேசினார். சூளைப் பிள்ளைகள் நால்வரில் இருவரைத்தான் திரும்ப அழைத்துவர முடிந்தது. மற்ற இருவரின் குடும்பம் அதற்குள் வேறு சூளைக்குப் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அந்தத் தாயின் கண்கள் கலங்கின. "இன்னும் ஒரு மாசம் முன்னாடி போயிருக்கணும் சாமி" என்றார். தாழ்ப்பாளைப் பற்றிப் பெருமை பேசாமல் தவறிப்போன இரு பிள்ளைகளை எண்ணி வருந்திய அந்த உள்ளமே, பள்ளிக் குழு உறுப்பினருக்கு வேண்டிய முதல் தகுதி என்று நாம் அன்று கற்றோம்.

அன்பர்களே, எல்லாக் குழுக்களும் இப்படி நடக்கின்றன என்று சொன்னால் அது முகமன் ஆகும். சில இடங்களில் பதிவேடு வீட்டுக்கு வருகிறது, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புகிறது. சில இடங்களில் தலைவி வீட்டில் இருக்க, கணவர் வந்து தலைமை நாற்காலியில் அமர்கிறார். ஓரிடத்தில் சாதி பார்த்து நாற்காலி போட்டார்கள் என்றும் கேள்விப்பட்டோம். பெற்றோருக்குத் தரப்பட்ட உரிமையை வெறும் சடங்காக்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

நம் வீட்டையும் கூட்டிப் பெருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இக்கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. ஆகவே நம் பள்ளிகள் இத்தகைய குழுவை அமைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அத்தீர்ப்பின்படி இல்லை. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக நாமும் விட்டுவிடலாமா? இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று தெளிவாகக் கற்பிக்கிறது. சட்டம் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே நமக்குச் சொல்லப்பட்டது அது. தாளாளர் என்ற முறையில் நாமும், நம்மைப் போன்ற குருக்களும், பெற்றோரைக் கட்டணம் செலுத்தும் நாளிலும் ஆண்டு விழாவிலும் மட்டும் காண்கிறோம் என்றால், அரிசி ஆலைத் தாய்க்கு அரசுப் பள்ளி தந்த நாற்காலியை நாம் தரவில்லை என்றே பொருள்.

எனவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் குழு அமைக்கும் நாளன்று தவறாமல் செல்லுங்கள். "எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். உங்கள் பிள்ளை ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு: குழுவில் இருக்கும் கூலித் தொழிலாளர்கள் கூட்டத்திற்குச் செல்லும் நாளில் இழக்கும் அரைநாள் கூலியை ஊரார் சிந்திக்க வேண்டும். முதலாளிகளாக இருப்போர் அன்று அனுமதி கொடுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். அண்டை வீட்டார் அவர்தம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். படித்த இளைஞர்கள் தீர்மானம் எழுதவும் கைபேசிச் செயலியில் பதியவும் உடன் நில்லுங்கள். ஆனால் அவர்களுக்குப் பதிலாகப் பேசாதீர்கள்.

மூன்று: நம் பங்குப் பள்ளியில் வரும் கல்வியாண்டு முதல் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று கூடும். அதற்குத் தாய் ஒருவர் தலைமை ஏற்பார். இதை இம்மேடையில் வாக்காகத் தருகிறோம். தவறினால், நம்மைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நிறைவாக ஒன்று. நம் கோவிலின் தூண்களில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்திருக்கிறோம். பள்ளிகளைத் தாங்கும் இத்தோள்களுக்குக் கல்வெட்டு இல்லை, பொன்னாடை இல்லை. இன்று இக்கருத்தரங்கிற்கு வந்திருக்கும் குழு உறுப்பினர்கள் சற்றே எழுந்து நிற்க வேண்டுகிறோம். அவர்களை நம் மக்கள் ஒருமுறை கண்ணாரக் காணட்டும். கண்ட பிறகு அவர்கள் அமர்வதற்கு முன்வரிசையில் நாற்காலிகள் போட்டிருக்கிறோம்.

எல்லாம் வல்ல இறைவன் அவர்களையும், அவர்கள் காக்கும் பிள்ளைகளையும், நம் ஊரையும் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக!