கைப்பேசியில் ஒரு பாட்டுப்படம்



தேர்வு பற்றியும் உதவித்தொகை பற்றியும் பிறர் பேசுவார்கள். எம் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களுமாக நாங்கள் நான்கு நிமிடப் பாட்டுப்படம் ஒன்று எடுத்த செய்தியைச் சொல்ல விழைகிறோம். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழா தந்த ஊக்கமே அதற்குத் தொடக்கம்.

சேலம் மாவட்டத்தாராகிய நமக்குத் திரைப்படம் அயலூர்த் தொழில் அன்று. டி. ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்தது. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் அந்நிறுவனத்தின் தயாரிப்பாகவே வெளிவந்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. எம் தாத்தா அப்படங்களைத் தரை டிக்கெட்டில் அமர்ந்து பார்த்தவர். காமிராவுக்குப் பின்னே நின்றதாக எம் உறவினருள் எவரும் சொல்லக் கேட்டதில்லை.

எங்களிடம் இருந்தவை ஆசிரியர்களின் கைப்பேசிகள் இரண்டு, தாங்கி ஒன்று, அவ்வளவே. தாங்கிக்கு உரியவர் தச்சுப் பட்டறைக்காரர். வாகை மரத்துண்டுகளில் அரைநாளில் செய்து தந்தார். புவிசார் குறியீடு பெற்ற தம்மம்பட்டி மரச்சிற்பக் கை அது. எங்களுக்கு முக்காலி செய்யவும் தயங்கவில்லை.

முதலில் பாட்டைப் பதிவு செய்தல் வேண்டும், படம் பின்புதான். இது தெரியாமல் முதல் நாள் பாடவிட்டே படம் பிடித்தோம். காற்றும் பேருந்து ஒலியுமே மிஞ்சின. இடையில் அழைப்பு ஒன்று வந்து படப்பிடிப்பும் அறுந்தது. பிறகு இரவில் வகுப்பறைச் சன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டுப் பாட்டைத் தனியே பதிந்தோம். அதனை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, பிள்ளைகளை உடன் பாடச் செய்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, மூன்று இடங்களில் முழுப் பாட்டையும் எடுத்தோம். கைதட்டும் ஓசையை வைத்தே பின்னர் ஒலியையும் படத்தையும் பொருத்தினோம். காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் மட்டுமே எடுத்தோம். உச்சிவெயிலில் கரிய முகங்களின் கண்கள் குழிந்து தெரிகின்றன. நம் பிள்ளைகளின் நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டும் செயலியை எவரும் தொடலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்று நிழலில் நின்ற முகத்துக்கு ஒளி தந்தது. நகரும் காட்சிக்கு மிதிவண்டி உதவிற்று.

இடர் வேறோரிடத்தில் வந்தது. பாட்டுக்குப் பறை வேண்டும் என்றனர் மாணவர்கள். அடிக்கத் தெரிந்த பதினொன்றாம் வகுப்புப் பையனின் தந்தை பள்ளிக்கு வந்தார். “ஐயா, அதெ விட்டு வெளிய வரத்தானே பையன பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். நீங்களே அவன் தோள்ல மாட்டி விடறீங்களே” என்றார். 2018 சனவரியில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் சென்னை மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன் இசைத்ததைச் சொன்னோம். “அது சென்னைங்க. இங்க சாவு விழுந்தா எங்க வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பறாங்க” என்றார். எங்களிடம் மறுமொழி இல்லை. அவர் சொன்னது மெய். பறை நம் பெருமை என்று மேடையில் பேசுவோர், அதனை அடிக்க மறுத்ததற்காக வேலை இழந்தவரிடம் அச்சொல்லைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பையன் படம் பிடிப்பதாக முடிவாயிற்று. பறையடிக்கத் தாமே முன்வந்தவர் அவனுடைய தாத்தா. வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சினார். அருகில் வைத்த கைப்பேசியில் ஒலி உடைந்தது. ஆகவே முற்றத்தின் கடைக்கோடியில் அவரை நிற்கவைத்துப் பதிந்தோம்.

பெயர்ப்பட்டியலில் அவர் பெயரை முதலில் இட்டோம். இதனை நாங்கள் விளையாட்டாகச் செய்யவில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் கேட்கப்பட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலை எழுதிப் பாடியவர் அறிவு. தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து எழுதினார். அப்படியிருந்தும் அவ்வாண்டே ஓர் இசை இதழின் அட்டையில் அவர் முகம் இல்லாமற்போய்ப் பெரும் வாதம் எழுந்தது. உழைத்தவர் பெயரை எழுதுவதற்குச் செலவு ஏதுமில்லையே!

படத்தைப் பெற்றோருக்குக் காட்டிய மாலையில் அத்தந்தையும் வந்தார். கடைசி வரிசையில் நின்றபடியே பார்த்தார். முடிந்ததும் எங்களிடம் வந்து, “பறைச் சத்தம் பத்தலைங்க ஐயா” என்றார். மறுவாரம் அதனைக் கூட்டிச் சரிசெய்தோம்.