வேலைச் சுமையும் மனிதர் சுபாவமும்

ஒரே காரியாலயத்தில், ஒரே மேலதிகாரியின் கீழ் இரு இலிகிதர்கள் பணி புரிகின்றனர். மாத முடிவுக் கணக்கு நெருங்குகிறது. ஒருவர் ஊணுறக்கம் மறந்து தவிக்கிறார். மற்றவர் வழக்கம்போலத் தேநீர் அருந்திவிட்டு ஏட்டைத் திறக்கிறார். முன்னவரைக் கோழை என்றும் பின்னவரைச் சோம்பேறி என்றும் கூறிவிடுதல் எளிது. இரண்டும் அவசரத் தீர்ப்புக்களே.

இவ்வேற்றுமையை இருதய நோயுடன் இணைத்து ஆராய்ந்தோருள் முதன்மையானவர்கள், சான் பிரான்சிஸ்கோ நகரத்து வைத்தியர்களான மேயர் பிரீட்மன், றே றோசன்மன் என்னும் இருவர். அவர்களின் நோயாளர் காத்திருக்கும் அறையில் நாற்காலிகளுக்கு மெத்தை தைக்க வந்த தொழிலாளி, ஆசனங்களின் முன் விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டு வியந்தாராம். சாய்ந்து அமர மனமின்றி, எழுந்தோடப் போகிறவர்களைப் போல நுனியிலேயே அமர்ந்தவர்கள் அந்நோயாளர்கள்! அதன் பொருள் வைத்தியர்களுக்குப் பின்னரே விளங்கிற்று. கற்றோர் காணாததைத் தொழிலாளி கண்டுவிட்டார்.

1957 ஆம் ஆண்டில், ஜனவரி முதல் ஜூன் வரை, அவர்கள் கணக்காளர் சிலரின் இரத்தத்தைச் சோதித்து வந்தனர். அமெரிக்காவில் வருமான வரி விவரங்களைச் சமர்ப்பிக்க இறுதி நாள் ஏப்பிரல் 15. அந்நாள் நெருங்குகையில், உணவு மாறாதிருந்தும், இரத்தத்திற் கொழுப்பு ஏறிற்று. இரத்தம் விரைந்து உறைந்தது. நெருக்கடி தீர்ந்ததும் இரண்டும் தணிந்தன.

எந்நேரமும் காலத்தோடு போட்டியிடும் சுபாவத்தினரை அவ்வைத்தியர்கள் 'ஏ' வகையினர் என்றனர். அமைதியானோர் 'பி' வகையினர். 1960 இல் தொடங்கி 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் அவதானித்தபோது, 'ஏ' வகையினருள் இருதய நோய் ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. அதே ஆண்களுள் நோயுற்றோரைப் பற்றி 1988 இல் வெளியான ஆய்வொன்றில், நோய் கண்டபின் 'ஏ' வகையினரே குறைவாக இறந்தமை தெரியவந்தது. வேகமன்று, பகைமையும் ஓயாச் சினமுமே கூடிய தீங்கு செய்வன என்ற கருத்தும் பின்னர் வலுப்பெற்றது. தொழிலை விரும்பி விரைபவரையும் சக ஊழியர் யாவரையும் எதிரியாகக் காண்பவரையும் ஒரே பெயரால் அழைத்ததே குழப்பத்துக்குக் காரணம் எனலாம்.

ஊழியர் சோர்வுற்றால் 'அவருடைய சுபாவம் அப்படி' என்று கைகழுவிவிடும் மேலதிகாரிகளும் உளர். அவர்கள் இலண்டன் அரசாங்க ஊழியரிடையே நிகழ்ந்த ஆய்வுகளை அறிதல் நன்று. 1967 இல் தொடங்கிய முதலாவது ஆய்விலே, இறப்பு வீதம் மிகக் கூடியிருந்தது உயர் அதிகாரிகளிடையே அன்று. ஏவல் செய்யும் கடைநிலை ஊழியரிடையே. 1985 இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, எதை முதலில் செய்வது, எவ்வாறு செய்வது என்று தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தோரிடையே இருதய நோய் மிகுதி எனக் கண்டது. சினமும் கவலையும் மிகுந்த சுபாவங்களைக் கணக்கிற் சேர்த்துப் பார்த்தபோதும் அம்முடிவு மாறவில்லை.