படம் திறக்கவில்லையா? பதற வேண்டாம்



முன்பு கேமராவில் பிலிம் ரோல் போட்டார்கள். கழுவாத பிலிமில் வெளிச்சம் பட்டால் படம் வீண். அதை யாராலும் மீட்க முடியாது. டிஜிட்டல் கேமராவில் பிலிம் இல்லை. மெமரி கார்டு இருக்கிறது. தபால் தலை அளவுள்ள எஸ்.டி. கார்டு 1999இல் அறிமுகமானது. அதில் உள்ள படமும் கெடும். ஆனால் பல சமயம் அதை மீட்கலாம்.

எப்படி? ஒரு வீட்டில் இப்படி நடந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வீட்டில் கல்யாணம். பாட்டி மணமக்களை வாழ்த்தினார். மணப்பெண்ணின் தம்பி அதைப் படம் எடுத்தான். சில மாதங்களில் பாட்டி காலமானார். மாலை போட்டு மாட்ட வேறு நல்ல படம் இல்லை. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். சில படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் தெரிந்தன. சில படங்கள் திறக்கவே இல்லை.

இப்போது அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, நிறுத்துவது

அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்கக் கூடாது. ஏன்?

கார்டு ஒரு புத்தகம் போன்றது. முன்னால் பொருளடக்கம். உள்ளே பக்கங்கள். ஒரு படத்தை அழித்தால், பெரும்பாலும் பொருளடக்கத்தில் பெயர் மட்டும் அடிபடும். பக்கம் உள்ளே இருக்கும். புதுப் படம் எடுத்தால், அது பழைய பக்கத்தின் மேல் எழுதப்படலாம். அப்படி எழுதப்பட்டால் பழைய படம் வராது.

"கார்டை ஃபார்மேட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். எஸ்.டி. கார்டின் ஓரத்தில் சிறிய பூட்டு உண்டு. அதைத் தள்ளி வையுங்கள். பிறகு கார்டைப் படிக்கலாம், எழுத முடியாது.

இரண்டாவது வேலை, கோளாறு எங்கே?

கார்டைக் கேமராவில் போட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். படத்துக்குள் ஒரு சின்ன நகல் இருக்கும். பெரிய படம் கெட்டாலும் அந்தச் சின்ன நகல் நன்றாகத் தெரியலாம். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பெரிதாக்கியும் படம் நன்றாக இருந்தால், கார்டில் உள்ள படம் கெடவில்லை. நகல் எடுக்கும்போதுதான் கெட்டது. வேறு கார்டு ரீடரில் போட்டு மறுபடி நகல் எடுத்தால் போதும்.

மூன்றாவது வேலை, மீட்பது

கேமராவிலும் படம் கெட்டிருந்தால், கோளாறு கார்டில் இருக்கிறது. இதற்குப் 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் உண்டு. அது பொருளடக்கத்தை நம்பாது. பக்கம் பக்கமாகத் தேடும். படம் தொடங்கும் அடையாளத்தைக் கண்டால் எடுத்துக் கொடுக்கும். மீட்ட படங்களைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும். அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா? தெரிந்தவர் அல்லது ஸ்டுடியோக்காரர் உதவுவார். எவ்வளவு பணம் என்று முதலில் கேளுங்கள். படத்தைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். எல்லாப் படமும் வந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கார்டில் பதிவாகாத பகுதியை யாராலும் கொண்டுவர முடியாது.

அந்த வீட்டில் சில படங்கள் வந்தன. சில வரவில்லை. பாட்டியின் படம் வந்தது. கீழ்ப் பாதி சாம்பல் நிறம். ஆனால் முகம் முழுதாக இருந்தது. இப்படிப்பட்ட படம் மேலிருந்து கீழாகப் பதிவாகும். அதனால் முகம் தப்பியது. அதை மட்டும் வெட்டி எடுத்துப் பிரேம் போட்டார்கள்.

வருமுன் காப்போம்

1. கேமராவில் பதிவு விளக்கு மின்னும்போது கார்டை எடுக்காதீர்கள்.
2. பேட்டரி தீருமுன் மாற்றுங்கள். பாதியில் நின்றால் படமும் பாதிதான்.
3. விலை மிகக் குறைவு என்று போலிக் கார்டு வாங்காதீர்கள். வெளியே எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்காது. இடம் நிறைந்த பிறகு எடுத்த படங்கள் கெடும்.
4. படம் எடுத்த அன்றே நகல் எடுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். நகலைத் திறந்து பார்த்த பிறகே கார்டைக் காலி செய்யுங்கள்.

வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்து வைக்கிறோம். போனவர்களின் முகமும் ஒரு சொத்துதான். அதற்கும் ஒரு நகல் வேண்டும்.