பயிருக்கு ஒரு பந்தல்

அப்புத்தளை நகரம் ஒரு மலைமுகட்டின் மீது அமைந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அம்முகட்டில் நின்று தெற்கே நோக்குவோர், மலை செங்குத்தாக இறங்கித் தாழ்நிலச் சமவெளியோடு கலப்பதைக் காண்பர். வடக்கே திரும்பினால் தியத்தலாவை, பண்டாரவளை, வெலிமடை என விரிந்து கிடக்கும் ஊவாவின் மேட்டுநிலம் தோன்றும். தேயிலைச் சரிவுகளும் மரக்கறித் தோட்டங்களும் மாறி மாறித் தோன்றும் அந்நிலத்திற்குக் காற்றும் வெயிலுமே நண்பர்; அவையே பகைவர்.

இதன் காரணத்தை அறிதல் எளிது. மே மாத இறுதியில் தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கும்போது, அது சுமந்துவரும் மழையின் பெரும்பகுதி மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று ஈரத்தை இழந்து, இறங்க இறங்க வெம்மையும் பெறுகிறது. கச்சான் என்று மக்கள் அழைக்கும் வறண்ட காற்று இதுவே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இக்காற்று வீசும் நாள்களிற் கொய்யப்படும் ஊவாத் தேயிலைக்கே உலகச் சந்தையிற் பெயர் பெற்ற நறுமணம் உண்டாகிறது. எனினும், முதிர்ந்த செடியின் கொழுந்துக்கு மணம் ஊட்டும் அதே காற்றும் வெயிலும், நேற்று வேர்விட்ட இளங்கன்றைக் கருக்கிவிடும். ஒன்றுக்கு அருளாவது மற்றொன்றுக்கு அழிவாகிறது. பயிருக்குப் பந்தல் அமைக்கும் கலை முழுவதும் இவ்வேறுபாட்டை உணர்வதிலேதான் அடங்கியிருக்கிறது.

வெயிலோடு மற்றோர் இடரும் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், பின்னர் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலத்தில், பிற்பகல்தோறும் இடிமுகில்கள் எழும். நிலத்திலிருந்து விரைந்தெழும் வெப்பக்காற்று நீர்த்துளிகளை உறைநிலைக்கு மேலே தூக்கிச் செல்கிறது. அங்கே உறைந்த சிறு மணியின் மீது மேலும் மேலும் நீர் படிந்து உறைய, அது பருத்துக் கனத்து, காற்றால் தாங்க இயலாத நிலையில் ஆலங்கட்டியாக விழுகிறது. எமது நாட்டில் உறைநிலை ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. ஆதலின் கரையோரத்தை நோக்கி விழும் கட்டி பெரும்பாலும் வழியிலேயே உருகி மழைத்துளியாகிவிடும். மலைநாடோ அவ்வுயரத்திற்கு அணித்தாக இருப்பதனால், உருகுமுன்பே கட்டி நிலத்தை அடைந்துவிடுகிறது. ஆலங்கட்டி மழை மலைநாட்டிலே அரிதாகத்தான் பெய்யும். ஆயினும் பெய்தால் சில நிமிடங்களிற் பல வாரங்களின் உழைப்பு சிதையும். கட்டியின் விட்டம் இருமடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகும் என்பதை நினைவிற்கொண்டால், அது கோவா இலையையும் தக்காளிக் காயையும் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிழிந்த இலையினும் கொடியது, அக்கிழிசலின் வழியே பின்னர் நுழையும் நோய்.

வெயிலிலிருந்து பயிரைக் காத்தல் தமிழர்க்குப் புதிதன்று. வெற்றிலைக் கொடிக்காலை அறியாதார் யார்? கொடி படர்வதற்கென நடப்படும் அகத்தி, கொடிக்குக் கொம்பாகவும் குடையாகவும் நிற்கிறது. அகத்தியின் தழை மிகுந்தால் உழவர் அதனைக் கழித்து ஒளியை உள்ளே விடுவர். கோடையில் அதனை அடரவிடுவர். மலையகத் தோட்டங்களின் பழைய நாற்றுமேடைகளிலும் இதே அறிவைக் காணலாம். கம்புகளை நட்டு, குறுக்கே கழிகளைக் கட்டி, அவற்றின் மேலே காட்டிலிருந்து வெட்டிய பன்னத் தழையைப் பரப்புவர். தழை உலர உலர இலைகள் உதிர்ந்து, நிழல் தானாகவே மெல்லக் குறையும். கன்று வளர வளர அதற்கு வேண்டும் ஒளியும் மெல்ல மிகும். தழைப்பந்தலுக்குப் பின்னர் தென்னந்தும்புக் கயிற்றாற் பின்னிய விரிப்புகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து இன்று பொலித்தீன் இழையாலான நிழல்வலைகள் வந்துள்ளன.

தேயிலைக்குப் பந்தலிட்டதிற் பெயர் பெற்ற நாடு யப்பான். அங்கே ஊஜி என்னும் ஊரின் தேயிலைத் தோட்டங்கள் நாணலாலும் வைக்கோலாலும் மூடப்பட்டிருந்ததை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் வாழ்ந்த போர்த்துக்கேயப் பாதிரியார் ஜுவாவோ ரொட்ரிகெஸ் எழுதி வைத்திருக்கிறார். உறைபனியிலிருந்து கொழுந்தைக் காப்பதே அம்மூடலின் நோக்கமாகக் கூறப்பட்டது. நிழலில் வளர்ந்த கொழுந்து கடும்பச்சை நிறமும் இனிய சுவையும் பெறுவதை மக்கள் கண்டனர். ஆதலின் பனிக்கு அஞ்சி இட்ட பந்தலைச் சுவைக்காகவே இடலாயினர். இன்றும் அங்கே உயர்தரத் தேயிலையைக் கொய்வதற்கு முன் சுமார் மூன்று வாரம் செடிகளைக் கரிய வலையால் மூடுகின்றனர். அதன் பின்னர் வலையை அகற்றிவிடுகின்றனர். மூடலைப் போலவே அகற்றலும் அங்கே தொழிலின் ஒரு பகுதி.

இனி, தற்கால வலையின் இயல்பை நோக்குவோம். நிழல்வலையின் மீது 50, 70 என எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவை வலை மறைக்கும் ஒளியின் சதவீதத்தைக் காட்டுவன. ஆலங்கட்டி வலையோ வேறு வகையானது. சில மில்லிமீற்றர் அளவே கொண்ட கண்களுடன் பின்னப்பட்ட அது, கட்டியைத் தடுக்க வேண்டும். ஒளியை இயன்றவரை விடவேண்டும். வெண்ணிற வலை அதிக ஒளியை உள்ளே விடும். கரிய வலை சற்றே கூடுதலாக மறைத்தாலும், அதிற் கலந்துள்ள கரி வெயிலினால் இழை இற்றுப்போவதைத் தடுப்பதனால் நெடுங்காலம் உழைக்கும். இந்தியாவின் இமாசலப் பிரதேசத்து அப்பிள் தோட்டங்களில் இவ்வலைகள் விரிக்கப்படுவதற்கு அம்மாநில அரசு மானியம் வழங்கிவருகிறது. இத்தாலியின் வடக்கே தென் திரோல் பள்ளத்தாக்குகளிலும் அப்பிள் மரவரிசைகளின் மேலே வலைகள் நீண்டு கிடக்கின்றன.

அவ்வலைகள் தட்டையாக விரிக்கப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கூரை முகடுபோல இருபுறமும் சரிவாக அமைக்கப்படுகின்றன. விழுந்த கட்டிகள் சரிந்து, இரு வரிசைகளுக்கு இடையேயுள்ள பள்ளத்திற்கு உருண்டு, அங்கே விடப்பட்ட இடைவெளியூடாக நிலத்தில் விழும். தட்டையான வலையிற் கட்டிகள் குவிந்தால் பாரம் தாங்காமல் வலை கிழியும். அல்லது தூண்களோடு பயிரின் மேலேயே சாயும்.

அப்புத்தளை போன்ற காற்று மிகுந்த இடத்தில் இதனினும் பெரிய கேள்வி காற்றைப் பற்றியது. பொலித்தீன் தாள் காற்றைப் பாய்மரம்போல் ஏந்திக்கொள்ளும். வலையோ காற்றின் ஒரு பகுதியைத் தன்னூடே செல்லவிட்டு, அதன் வேகத்தைத் தணிக்கும். காற்றை அடியோடு மறிக்கும் சுவரின் மறுபுறத்திற் சுழல் எழுந்து பயிரை அலைக்கும். பாதியை விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலியோ தன் உயரத்தின் பத்து மடங்கு தூரம்வரையிலும் காற்றைத் தணிக்கவல்லது. ஆதலின் மலைமுகட்டிற் பந்தல் அமைப்போர் கூரைக்கு முன்னதாகக் காற்று வரும் பக்கத்து வேலியையே எண்ணவேண்டும். மூலைத் தூண்களை வெளிப்புறமாகச் சாய்த்து நட்டு, நிலத்தில் ஆழப் புதைத்த நங்கூரத்தோடு கம்பியால் இழுத்துக் கட்டுதல் இன்றியமையாதது.

இத்துணையும் பந்தலின் நன்மை. இனி அதன் விலையையும் கூறவேண்டும். பணத்தால் அளக்கும் விலை ஒருபுறம் இருக்க, பயிர் செலுத்தும் விலை ஒன்று உண்டு. அது ஒளி. இலை உணவு ஆக்குவது ஒளியால். தேயிலை இலைக்கு உச்சி வெயில் முழுவதும் தேவையன்று. இலையின் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடக்கும்போது அதன் உணவாக்கம் குன்றத் தொடங்குகிறது. அந்நேரத்தில் நிழல் நன்மையே. ஆனால் முகில் கவிந்த நாளில் அதே நிழல் பயிரைப் பட்டினி கிடக்கச் செய்யும். மேலும், நிழலின் கீழே ஈரம் நெடுநேரம் நிற்கும். ஈரம் நின்ற இடத்திற் பூஞ்சணம் வளரும்.

இவ்வுண்மையை இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் பெருஞ்செலவிற் கற்றுக்கொண்டன. 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இந்நாட்டுத் தேயிலையைத் தாக்கியது. இளங்கொழுந்தையே பற்றும் அந்நோயின் வித்துகள் ஈரத்தில் முளைப்பன, வெயிலில் மடிவன. அதுவரை காவலாக நின்ற நிழல்மரங்களே நோய்க்குப் புகலிடம் ஆயின. பல தோட்டங்களில் மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டன. சில இடங்களில் மரங்களே வெட்டி வீழ்த்தப்பட்டன. நோயைச் செப்பு மருந்து தெளித்து அடக்கக் கற்ற பின்னரும், நிழல் எவ்வளவு வேண்டும் என்னும் வினா எஞ்சி நின்றது. ஈரம் மிகுந்த மேற்குச் சரிவுக்கு ஒரு விடையும், வறண்ட ஊவாவுக்கு வேறொரு விடையும் தேவை என்பதை அனுபவம் உணர்த்தியது.

இவ்வினாவுக்கு மிகத் தெளிந்த விடையைத் தேயிலை நாற்றுமேடையிலே காணலாம். தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட சிறு துண்டு வெட்டப்பட்டு, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றப்படுகிறது. அதற்கு வேர் இல்லை. வெயில் அதன் இலையிலிருந்து நீரை இழுத்தால், ஈடுசெய்ய வழியில்லை. ஆதலின் தொடக்கத்தில் அடர்ந்த நிழலும் நிறைந்த ஈரமும் வேண்டும். வேர் பிடித்துப் புதுத் தளிர் தோன்றிய பின்னரோ அதே அடர்நிழல் கன்றை மெலிந்து நெடிதாக வளரச் செய்யும். எனவே நிழல் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. முதலிற் காலை வெயிலும் மாலை வெயிலும் காட்டி, பின்னர் நாள்தோறும் சற்றுக் கூட்டி, இறுதியிற் கன்று திறந்த வானத்தின் கீழ் நிற்கப் பழக்கப்படுகிறது. நிழலிலேயே வைத்திருந்து நேரே மலைக்கு எடுத்துச் சென்ற கன்று கச்சான் காற்றில் ஒரு வாரமும் தாங்காது. நாற்றுமேடையிற் பணிபுரியும் பெண் ஒவ்வொரு காலையும் வானத்தையும் இலையையும் பார்த்து வலையைச் சுருட்டுகிறாள் அல்லது விரிக்கிறாள். பல பத்தாண்டுகள் நிலைத்துப் பயன் தரவேண்டிய ஒரு மலையின் தலைவிதி அக்கையசைவில் இருக்கிறது. தோட்டக் கணக்கில் அது ஒரு நாட்கூலி வேலை மட்டுமே.

நாற்றுமேடைக்குப் பொருந்தும் வலை, விரிந்த தேயிலை மலைக்குப் பொருந்தாது. ஆலங்கட்டி மிகுதியாக விழும் இடங்களுள் ஒன்றாக உலகம் அறிந்த கென்யாவின் கெரிச்சோவிலும் தேயிலைச் சரிவுகள் திறந்தவெளியாகவே கிடக்கின்றன. மலைக்கு ஏற்ற வலை மரமே. மலையகத்தார் சவுக்கு என்று அழைக்கும் கிரவில்லியாவும், முள்முருக்கு இனத்து டடப்பும் ஊவாவின் தேயிலைக்கு உயிருள்ள பந்தலாக நிற்கின்றன. அவை வெயிலைச் சல்லடைபோல் வடிக்கின்றன; காற்றைத் தணிக்கின்றன; உதிர்த்த இலையால் மண்ணை மூடுகின்றன. கவ்வாத்து வெட்டிய பின் இலையின்றி நிற்கும் செடியின் கிளைகளை வெயில் சுட்டால் பட்டை வெடித்து மரம் உளுக்கும். ஆதலின் வெட்டிய குச்சிகளையே செடியின் மேலே பரப்பி மூடுவர். செலவில்லாத அப்பந்தல், புதுத்தளிர் வரும்வரை செடியைக் காக்கும்.

எஞ்சியிருப்பது சிறு மரக்கறித் தோட்டக்காரரின் நிலை. வெலிமடை வயலிலும், லயத்தின் பின்புறத்துச் சிறு துண்டு நிலத்திலும் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய் பயிரிடும் குடும்பத்திற்கு நிலம் முழுவதையும் மூடும் இரும்புப் பந்தல் எட்டாக் கனி. ஆயினும் எல்லாவற்றையும் மூடவேண்டிய தேவையும் இல்லை. வளைத்த மூங்கிற் சிம்புகளை நாற்றுப் பாத்தியின் மீது ஊன்றி, அதன்மேல் ஒரு துண்டு வலையை விரித்தாலே, பயிரின் வாழ்விற் பேரிடர் நிறைந்த முதல் சில வாரங்கள் கடந்துவிடும். மார்ச் மாதத்திலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமுழக்கம் கேட்குமுன் வலை விரிந்திருக்க வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை நண்பகலுக்கும் காற்றுக்கும் அது வேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் இருண்ட நாள்களிலோ அதனைச் சுருட்டி வைத்தலே நன்று. பூசணி, வெள்ளரி போன்றவை பூக்கும் காலத்திற் தேனீ நுழைவதற்கு வழி விடாத பந்தல், காயைக் காக்கும் பெயராற் காயே இல்லாமற் செய்துவிடும்.

வலையை வாங்குதல் ஒரு நாட் செயல். அதனை அறிந்து ஆளுதல் ஆண்டு முழுவதும் நிகழ வேண்டியது. எதனைத் தடுப்பது, எதனை உள்ளே விடுவது, எப்போது அகற்றுவது என்னும் மூன்றையும் அறிந்தவரின் கையில் ஒரு முழம் வலையும் பெருஞ்செல்வம். அறியாதவர்க்கு ஏக்கர் கணக்கில் விரித்த வலையும் வீண். வெயிலில் நின்றவர்க்கே நிழலின் அருமை தெரியும் என்பர். ஊவாவின் சரிவுகளில் நாள் முழுவதும் கூடை சுமந்து நிற்போர் அதனை நன்கறிவர். அவர்கள் தலைக்கு மேலே வலை இல்லை. சவுக்கு மரத்தின் நிழலே உண்டு. அம்மரங்களை நட்டுப் பேணுதல் தேயிலைக்கும், தேயிலை பறிப்போர்க்கும் ஒருங்கே இடும் பந்தலாகும்.