கழிவுநீரும் ஏரிநீரும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொதுக் குளமும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் மகத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார்கள். நீரைத் தொடும் உரிமைக்காக நம் முன்னோர் போராடினர். அந்த நீர் பருகத் தகுந்ததாக இருக்கின்றதா என்று ஆராய்வது நம் தலைமுறையின் கடமையாகும்.

நம் மணவூருக்கு அருகே கொசத்தலையாற்றின் குறுக்கே 1944ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இருக்கின்றது. சென்னை மாநகரம் அந்நீரைக் குடிக்கின்றது. மேட்டிலுள்ள ஊர்கள் கழிப்பது பள்ளத்திலுள்ள ஏரியைச் சேரும் என்பது நீரின் இயல்பு. ஆகவே, நகராட்சிகள் கழிவுநீரை எவ்வாறு தூய்மை செய்கின்றன என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இப்பணி மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில் குப்பையும் மணலும் தடுக்கப்படுகின்றன. கசடு தொட்டியின் அடியில் படிகின்றது. இரண்டாம் படியில் நீருக்குள் காற்று செலுத்தப்படுகின்றது. அதனால் பெருகும் நுண்ணுயிர்கள் கரைந்துள்ள அழுக்கை உண்டு தீர்க்கின்றன. இந்த அளவில் நீர் தெளிந்துவிடும், நாற்றமும் குறையும். ஆனால், மனிதக் கழிவிலிருந்தும் சலவைத்தூளிலிருந்தும் வந்த பாஸ்பரசின் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். வயலில் அது நெல்லுக்கு உரம்; ஏரியிலோ பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். பாசி பெருகி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிசன் தீர்ந்துவிடுகின்றது. மீன்கள் செத்து மிதக்கின்றன. படிகாரம் போன்றவற்றைக் கலந்து பாஸ்பரசைப் படியச் செய்து, நீரை வடிகட்டி, நோய்க்கிருமிகளை அழிப்பதே மூன்றாம் படியாகும்.

இம்மூன்றாம் படியின் இன்றியமையாமையை அமெரிக்காவின் சியாட்டில் நகரம் கற்றுக்கொண்ட வரலாறு குறிப்பிடத்தக்கது. 1950களில் பல சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் அங்குள்ள வாசிங்டன் ஏரியில் விழுந்தது. இரண்டாம் படி வரை தூய்மை செய்யப்பட்ட நீர்தான். ஆயினும் ஏரி பாசி பிடித்தது. பாஸ்பரசே காரணம் என்று எட்மண்ட்சன் என்னும் பேராசிரியர் எடுத்துக்காட்டினார். 1958ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்துத் தனி அமைப்பொன்றை நிறுவினர். 1963 முதல் 1968 வரையில் கழிவுநீர் படிப்படியாக வேறு வழியில் திருப்பப்பட்டது. ஒரு மீட்டர் ஆழமும் தெரியாதிருந்த ஏரி சில ஆண்டுகளில் தெளிந்தது.

நம் அண்டை மாநிலத்துக்கு வருவோம். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி மாநகரக் கழிவால் நுரைத்ததையும், 2017ஆம் ஆண்டு அதில் தீப்பற்றியதையும் நாடறியும். 2018ஆம் ஆண்டு, இரண்டாம் படி கடந்த பெங்களூர்க் கழிவுநீரைக் கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளில் நிரப்பத் தொடங்கினர். அடுத்த மாதமே ஓர் ஏரியில் நுரை எழுந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. ஏரிகள் நிறைந்ததும் கிணறுகள் ஊறியதும் உண்மை. மூன்றாம் படியும் வேண்டும் என்று மக்கள் கேட்டதும் நியாயமே. அது இயலாத காரியமும் அன்று. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் வீதம் கழிவுநீரை உயர்தரமாகத் தூய்மை செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்டன. அந்த அளவுக்கு நன்னீர் குடிநீருக்கென மிஞ்சுகின்றது.

இளைஞர்களே! இந்தக் குழாய்களிலும் தொட்டிகளிலும் இறங்கி மூச்சடைத்து மாண்டவர்கள் யார் என்பதை இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. அவ்வாறு மாண்டவர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு பெறுவதற்காக நாம் பிள்ளைகளை வளர்க்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்திற்கு வேதியியல் படித்தவர் வேண்டும், மின்பொறியாளர் வேண்டும், நுண்ணுயிரியல் கற்றவர் வேண்டும். இத்துறை நமக்கே உரியதென்று எவரும் ஒதுக்கிவைத்தல் கூடாது. அதன் அறிவிலிருந்து நாம் ஒதுக்கப்படவும் கூடாது.

இன்றே செய்யக்கூடிய பணியொன்றும் உண்டு. ஒரு சாண் அகலமுள்ள வட்டத் தகட்டை நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி வண்ணம் பூசுங்கள். அளவு குறித்த கயிற்றில் கட்டி, நம் ஏரி மதகின் மேலிருந்து நீரில் இறக்குங்கள். தகடு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து எழுதி வாருங்கள். சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஊர்களில், வெளியேறும் நீரின் சோதனை அறிக்கையை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். பாஸ்பரசின் அளவு அதில் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கையில் ஏடும் கணக்கும் கொண்டு கேட்பவனுக்கு அலுவலகம் விடை சொல்லியே ஆகவேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் தந்துவரும் கல்வி, இத்தகைய கேள்விகளுக்குப் பயன்படுமாக!