பாட்டுக் கட்டிய பெண்மணிகள்

(மயிலாப்பூரில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஸங்கீதத்தில் நம் பெண்மக்கள் அடைந்துள்ள ஏற்றத்தைப் பற்றி இச்சபைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1928-ல் ஏற்பட்ட மியூஸிக் அகாடமியின் ஸங்கீத கலாநிதி பட்டம் 1968-ல் முதன்முதலாக ஒரு பெண்மணிக்கு, அதாவது ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மாளுக்குக் கிடைத்தது. 1970-ல் ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாள் அதைப் பெற்றார். இவையெல்லாம் பாடுவோருக்குற்ற பெருமை. பாட்டை இயற்றுவோர் சங்கதி வேறு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், மைசூர் வாசுதேவாசாரியாரும், பாபநாசம் சிவனும் அமர்ந்த அப்பீடத்தில், இயற்றுதலையே தமது பெருந்தொழிலாகக் கொண்ட பெண்மணி ஒருவர்கூட அமர்ந்ததில்லை. அப்படியானால் பெண்கள் இயற்றவே இல்லையோ?

இவ்வூர்க் கதையையே பார்ப்போம். சிவன் அவர்கள் மார்கழி விடியற்காலையில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை செய்துகொண்டு வலம் வந்தது பிரசித்தம். வீதியில் பாடினார், உடன் வந்தோர் கேட்டனர், கேட்டோர் பாடினர், பாட்டு பரவிற்று. அவருக்கு ஒன்பது ஆண்டு இளையவராக, 1899-ல் பிறந்த மரகதம் என்ற அம்மையாரும் சென்னையில் வாழ்ந்தவரே. சிறு பிராயத்திலேயே முருகன்மீது பாடத் தொடங்கினவர். ஆனால் புகுந்த வீட்டில் அவர் பாடுவது உவப்பாயில்லை. பாட்டை நெஞ்சிலேயே அடக்கி வைத்து நெடுங்காலம் இல்லறம் நடத்தினார். பின்னர் துறவு பூண்டார். ஆண்டவன் பிச்சை என்பது அவருக்கு வழங்கிய பெயர். 'உள்ளம் உருகுதய்யா' என்ற பாட்டை ஸ்ரீ டி. எம். சௌந்தரராஜன் பாடக் கேளாத தமிழர் யார்? அதைப் பாடத் தொடங்கியபோது ஆக்கியோர் இன்னாரென்று அவருக்கே தெரியாதென்றும், பிற்பாடு காளிகாம்பாள் கோயிலில் பெயர் பொறித்திருக்கக் கண்டு தெளிந்தாரென்றும் சொல்வர். பாட்டு வீதிக்கு வந்துவிட்டது. பாடினவள் பெயர் வரவில்லை.

சொல்லும் இசையும் ஒருவரே அமைத்தால்தான் வாக்கேயகாரர் என்று சாஸ்திரமறிந்தோர் கொண்டாடுவர். இசையமைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கோயிலில் இரவெல்லாம் நாகஸ்வரம் கேட்டு, வித்துவான்கள் கூட்டத்தில் கலந்து, நள்ளிரவில் வீடு திரும்பி வருவதனாலே வருகிறது. குடும்ப ஸ்திரீ இவற்றுள் எதனைச் செய்திருக்கக் கூடும்? விளக்கு வைக்குமுன் உலைவைக்க வேண்டியவளல்லவா அவள்!

மதுரை ஸ்ரீமதி அம்புஜம் கிருஷ்ணா அவர்களை எடுத்துக்கொள்வோம். 1917-ல் பிறந்து 1989-ல் மறைந்த இவ்வம்மையார் தமிழிலும் பிற மொழிகளிலுமாக அறுநூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனங்களை இயற்றியவர். செல்வமும் கல்வியும் வாய்ந்த இல்லத்தவர், எழுதத் தடையில்லை. இருந்தும் அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு வர்ணமெட்டு அமைத்தவர்கள் வி. வி. சடகோபன், டி. என். சேஷகோபாலன் முதலிய வித்துவான்களே. அம்மெட்டுக்களில் குறை சொல்ல நாம் வரவில்லை. பல மிக அழகியவை. ஆயினும் இதனைக் காட்டி, அவர் முழு வாக்கேயகாரர் அல்லர் என்று தலையசைப்போர் உண்டு. சரி, ஸ்ரீமதி கல்யாணி வரதராஜன் எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களிலும் கிருதிகள் செய்தாரே, சொல்லும் இசையும் தாமே அமைத்தாரே; அவர் கிருதிகளில் எத்தனையை நம் ஸபைக் கச்சேரிகளில் கேட்கிறோம்? முன்னவருக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பின்னவருக்கு என்ன காரணம் சொல்வார்களோ, அறியோம்.

நம் அபிப்பிராயம் இது: பெண்களுக்குக் குறைந்தது புலமையன்று, சிஷ்யர்கள். தியாகராஜ ஸ்வாமிகளின் கிருதிகள் நிலைத்தன என்றால், உமையாள்புரத்திலும் தில்லைஸ்தானத்திலும் வாலாஜாபேட்டையிலும் அவற்றை எழுதிவைத்துப் பாடிய சீடர்கள் இருந்தமையாலன்றோ? வாலாஜாபேட்டைச் சுவடிகளைப் பேணிக் காத்தது மதுரையிலுள்ள ஸௌராஷ்டிர ஸபை. ஒரு சமூகத்தாரின் ஸபை இசைக்கு இத்தகைய ஊழியம் செய்ய முடியுமென்பதை நம் காரியஸ்தர்கள் கவனிப்பார்களாக. அடுப்பங்கரையில் பாட்டுக் கட்டினவளுக்கு எந்தச் சீடன் ஏடு பிடித்தான்? செங்கோட்டை ஆவுடையக்காள் இளமையில் கணவனையிழந்தவர். அவருடைய வேதாந்தப் பாடல்களை நெல்லைச் சீமையின் பெண்கள், அவரைப்போலவே கைம்மை நோற்றவர்கள் பலர், வாய்வழியாகவே தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அச்சில் வந்தது வெகுகாலம் பின்பு.

ஆகவே, தாய்மார்களே! உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜையறையிலோ பாட்டியார் எழுதிய பாட்டு நோட்டு இருக்குமாயின், பழங்காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நலங்குப் பாட்டு, ஊஞ்சற் பாட்டு, கும்மி எதுவாயினுமாகட்டும். அவர் இன்னும் நம்மோடிருந்தால் இந்த வாரமே ஒருமுறை பாடச் சொல்லிக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். மெட்டு ஏட்டில் இல்லை, அவர் குரலில்தான் இருக்கிறது. இராகம் தெரியாவிட்டால் கவலையில்லை. நம் சங்கத்தில் ஸ்வரம் எழுதத் தெரிந்த பெண்கள் பலர் உளர். நோட்டின் முதற்பக்கத்தில் பாட்டியாரின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். 'ஒரு பக்தை' என்றோ, இன்னாருடைய தாயார் என்றோ எழுத வேண்டா. சங்கத்திற்குக் கொண்டுவந்தால் படியெடுத்துக்கொண்டு நோட்டை உங்களிடமே திருப்பித் தருவோம்.