நோட்டும் சாவியும் யாரிடம்?

(ஊக்குநர்கள், பிரதிநிதிகள், கணக்காளர்கள், உற்பத்தி மைய மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சி நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "ஊக்குநர் அக்கா ஊர்ல இல்ல, அதனால இந்த வாரம் கூட்டம் இல்ல." ஒருத்தர் கல்யாண வீட்டுக்குப் போனால் பதினைந்து பேரின் சேமிப்பு நிற்கிறது. தீர்மான நோட்டு பீரோவுக்குள் இருக்கிறது, சாவி அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அந்த அக்காவைக் குறை சொல்ல வரவில்லை. பல வருஷமாகக் கணக்கைப் பிழையில்லாமல் எழுதி, பேங்க் மேனேஜரிடம் தைரியமாகப் பேசி, குழுவைக் கட்டிக் காத்தவர். நல்ல நிர்வாகிதான். ஆனால் அவரைத் தவிர இன்னொருத்திக்கு அந்த வேலை தெரியாது என்றால், அவரைத் தலைவி என்று சொல்ல எனக்கு மனசு வரமாட்டேங்குது.

இது நம்ம ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. 1940-ல் அமெரிக்காவில் இதே சிக்கல் பெரிய அளவில் வந்தது. இரண்டாம் உலகப்போர் நேரம். ஆலைகளில் உற்பத்தியை அவசரமாகக் கூட்டவேண்டியிருந்தது. பின்னால் ஆண்கள் பட்டாளத்துக்குப் போக, ஆலைப் பக்கமே வந்திராத பெண்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டிய மேற்பார்வையாளர்கள் யார்? நல்ல வேலைக்காரர்கள் என்பதற்காக மேலே உயர்த்தப்பட்டவர்கள். வேலை தெரியும், சொல்லித்தரத் தெரியாது. அதட்டத் தெரியும், கேட்கத் தெரியாது.

அதற்காக அந்த நாட்டு அரசு தொடங்கியதுதான் 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்ற திட்டம். ஒரு பாடத்துக்குப் பத்துப் பேர் அளவில் உட்காருவார்கள். இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து தடவை, மொத்தம் பத்து மணி நேரம். ஒவ்வொருவரும் தன் சொந்த வேலையில் ஒன்றைக் கொண்டுவந்து, மற்றவர் முன்னால் ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுத்துக் காட்டணும். சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. 1945-ல் திட்டம் முடிவதற்குள் 16 லட்சம் பேருக்கு மேல் இப்படிப் பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பின் ஜப்பான் இதை எடுத்துக்கொண்டது. டொயோட்டா கம்பெனி 1950-களில் தன் மேற்பார்வையாளர்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தது.

அந்தப் பாடத்தில் முதல் நாளே ஒரு வேடிக்கை செய்வார்கள். மின்விளக்கு ஒயரில் போடும் ஒரு முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்லி, ஒருவரைப் போடச் சொல்வார்கள். வராது. இன்னொருவருக்கு ஒன்றும் சொல்லாமல் போட்டு மட்டும் காட்டுவார்கள். அதுவும் வராது. மூன்றாவது ஆளைப் பக்கத்தில், தன் கை போகும் திசையே அவருக்கும் தெரிகிற மாதிரி நிற்கவைத்து, போட்டுக்காட்டி, எங்கே தப்பு வரும், ஏன் அப்படி என்று சொல்லி, பிறகு அவரையே போடவிட்டு, போட்டுக்கொண்டே ஏன் என்று சொல்லவும் வைப்பார்கள். அப்போது வரும்.

இதை நம்ம நோட்டுக்குக் கொண்டுவாங்க. ஒரு உறுப்பினர் 5,000 ரூபாய் உள்கடன் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை. முதல் மாதம் அசல் 500, வட்டி 50. இரண்டாம் மாதம்? புதுசாக எழுதுகிறவர் மறுபடியும் 50 என்றுதான் போடுவார். மீதி இருப்பது 4,500 தானே, வட்டி 45. "45 எழுது"ன்னு சொல்லிட்டுப் போனால் அடுத்த மாதம் மறுபடியும் தப்பு வரும். ஏன் என்று சொல்லணும்: திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கு வட்டி வாங்கக்கூடாது. மீதிக்கு மட்டும் போட்டால் பத்து மாதத்தில் வட்டி 275 ரூபாய். மாறாமல் 50 போட்டால் 500. அந்த 225 ரூபாய் வித்தியாசம் களை எடுக்கப் போகிற ஒருத்தியின் கூலி. இதைப் புரிந்துகொண்டவள் பிறகு உங்கள் கணக்கையே சரிபார்ப்பாள். பார்க்கட்டும்!

அடுத்தது மனுஷரை நடத்துவது. மசாலா அரைக்கிற இடத்தில் ஒருத்தி மூன்று நாளாக லேட். எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிடுகிறோம். அந்தப் பயிற்சியில் சொன்ன வழி வேறு. முதலில் விவரத்தைச் சேர், அவள் என்ன நினைக்கிறாள் என்பதையும் சேர்த்து. பிறகு யோசித்து முடிவெடு, செய், செய்தது பலன் தந்ததா என்று திரும்பிப் பார். விசாரித்தால் காலைப் பஸ் நின்றுபோயிருக்கும், அல்லது மாமியார் ஆஸ்பத்திரியில் இருப்பார். வெறும் சோம்பலாகவும் இருக்கலாம், அதையும் கேட்டால்தானே தெரியும்? இன்னொன்றும் அதில் உண்டு. ஒருத்தரைப் பாதிக்கிற மாற்றத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடணும். கூலிக் கணக்கு மாறியதைச் சனிக்கிழமை கவரைப் பிரித்துப் பார்த்தா அவள் தெரிந்துகொள்வது?

மண்டபத்தில் மைக் வைத்து, பையும் பேனாவும் கொடுத்து, போண்டா டீயோடு முடிகிற பயிற்சிகள் நாம் நிறையப் பார்த்தாச்சு. அதில் கற்றது பஸ் ஏறுவதற்குள் மறந்துபோகும். வேலை நடக்கிற இடத்திலேயே, அந்த வேலையை வைத்தே கற்பதுதான் நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் மனசில் ஓடுவதும் தெரிகிறது. "எல்லாத்தையும் கத்துக் குடுத்துட்டா நம்மள யாரு மதிப்பா?" இந்தப் பயம் நியாயமானது. குழுவால்தான் வீட்டிலும் ஊரிலும் ஒரு பேர் கிடைத்தது, அதை விடச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். அதனால் கூட்டமைப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு இறங்குகிற ஊக்குநரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பாதீங்க. பக்கத்துக் குழுக்களின் கணக்கைப் பார்க்க, புதுக் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புங்க. அதற்கு மதிப்பூதியமும் கொடுங்க. பேனா ஒரே கையில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊரில் ஒரு புரளி கிளம்பினால், நேர்மையானவரால்கூட அதை நிரூபிக்க முடியாது. கணக்கு தெரிந்த நாலு பேர் இருந்தால் அவர்களே சாட்சி.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேலையை ஒரே ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு வாங்க. ரொக்கப் புத்தகம் எழுதுவதோ, பேங்கில் செலான் பூர்த்தி செய்வதோ, எடை போட்டுப் பாக்கெட் ஒட்டுவதோ, எதுவானாலும் சரி. நாங்கள் உங்களைக் கேட்கமாட்டோம், அவளைத்தான் செய்துகாட்டச் சொல்வோம்.

சாப்பாடு வந்துவிட்டது என்கிறார்கள். மத்தியானம் எல்லாரும் அந்த முடிச்சைப் போட்டுப் பார்க்கலாம், ஒயர் துண்டுகள் கொண்டுவந்திருக்கிறேன்.